திரும்பி வரவேண்டிய சொல்

ஜூலை 1, திங்கள்

இந்த டைரியை என் மகள் பூரணி கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் அனுப்பியிருக்கிறாள். அம்மா தினமும் போனில் ஒரு மணி நேரம் ஆபீஸ் கதை பேசுவதை அவளால் தாங்க முடியவில்லையாம். எல்லாவற்றையும் இதில் எழுது, லீவுக்கு வரும்போது படித்துக்கொள்கிறேன் என்கிறாள். படிக்க மாட்டாள். எனக்குத் தெரியாதா அவளை?

ஆனாலும் எழுதுகிறேன். சிவலாத்திகுளம் சப்ஸ்டேஷனில் பத்தொன்பது வருஷமாக மணிக்கொரு தரம் வோல்டேஜும் ஆம்பியரும் எழுதிப் பழகிய கை இது. லாக்புக்கில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதில்லை, ஓர் எண்ணை அடித்துத் திருத்தியதில்லை. ஆபரேட்டர் செண்பகவல்லி எழுதிய பக்கத்தைக் காட்டித்தான் மற்ற ஆபரேட்டர்களை ஏசுவார்கள். தற்பெருமை என்றால் தற்பெருமைதான். என் டைரி, என் பெருமை.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று முதல் ஒரு மாதம் சோதனை. நகரத்தில் புதிதாகக் கட்டுப்பாட்டு மையம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். எங்களுடையது உட்படப் பதினான்கு சப்ஸ்டேஷன்களை அங்கிருந்தபடியே திரையில் பார்த்து, மவுஸைத் தட்டி லைனை நிறுத்தவும் போடவும் செய்வார்கள். முற்றத்தில் நாங்கள் கையால் சுற்றித் திறக்கும் சுவிட்சுகளுக்கும் மோட்டார் வைத்தாயிற்று. எங்கள் பேனலில் 'லோக்கல்', 'ரிமோட்' என்று ஒரு சாவி உண்டு. காலையில் அதை ரிமோட்டுக்குத் திருப்பிவிட்டு, மாதம் முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு போட்டு என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

சோதனை தேறிவிட்டால் இங்கே ஆபரேட்டர் கிடையாது. பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் நான்கு பேரையும் எங்கெங்கோ தூக்கிப் போடுவார்கள். அதுவரை நான் என்ன செய்வது என்று கேட்டேன். பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

ஜூலை 2, செவ்வாய்

வீட்டில் மிக்ஸி ஓடவில்லை. கரண்ட் ஆபீஸ்காரி வீட்டில் அம்மியில் சட்னி. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே சிரிப்பு.

ஜூலை 4, வியாழன்

லைன்மேன் தளவாய் இன்று வந்து என்னை வம்புக்கு இழுத்தார். "என்னக்கா, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிய? பென்ஷன் வாங்கின மாதிரி இருக்கு" என்கிறார். கொழுப்பு. ஆனால் இந்த வட்டாரத்தில் இருக்கிற லைன்மேன்களில் சுத்தமாக வேலை செய்கிற ஆள் அவர்தான், அதனால் ஒரு டம்ளர் காபியோடு மன்னித்துவிட்டேன்.

பூரணி ஒருவேளை படித்தால் அவளுக்குப் புரியட்டும். கம்பத்தில் ஏறப் போகிற லைன்மேன் முதலில் ஆபரேட்டரிடம் எல்.சி. வாங்கவேண்டும். எல்.சி. என்றால் அந்த லைனில் வேலை செய்ய அனுமதி. நான் லைனை நிறுத்தி, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற பலகையை மாட்டிவிட்டு, ஓர் எண் கொடுப்பேன். வேலை முடிந்து எல்லாரும் கீழே இறங்கிய பிறகு, வாங்கிய ஆளே அந்த எண்ணைச் சொல்லி எல்.சி.யைத் திருப்பவேண்டும். அதற்கப்புறம்தான் லைனில் கரண்ட் விடலாம். இது எல்லா ஊருக்கும் உள்ள விதி.

என்னிடம் கூடுதலாக ஒரு விதி உண்டு. எண்ணோடு ஒரு சொல்லும் கொடுப்பேன். அன்றைக்கு என் வீட்டில் என்ன சமையலோ அதுதான் சொல். நான் அதை எழுத மாட்டேன், அவர்களும் எழுதக்கூடாது, கூட இருப்பவர்களிடம் சொல்லவும் கூடாது. எண்ணைக் காகிதத்தில் பார்த்து யார் வேண்டுமானாலும் வாசித்துவிடலாம். சொல், வாங்கிப் போனவர் வாயிலிருந்தே எனக்குத் திரும்பி வரவேண்டும். ஆரம்பத்தில் எல்லாரும் கேலி செய்தார்கள். "மேடம், இன்னைக்கு எல்.சி. சாம்பாரா, ரசமா?" என்பார்கள். பிறகு பழகிவிட்டது.

இப்போது எல்.சி.யும் கட்டுப்பாட்டு மையத்திலிருந்துதான். வேலை முடிந்ததும் அவர்கள் லைன்மேனின் செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்புவார்கள். அதைச் சொன்னால் எல்.சி. திரும்பிவிட்டதாகத் திரையில் பச்சை விழும். வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

தளவாய் கிளம்பும்போது வாசலில் நின்று, இன்றைக்குச் சொல் கிடையாதா என்று கேட்டார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு என்றேன்.

ஜூலை 8, திங்கள்

காற்று! தென்மேற்கிலிருந்து அள்ளிக்கொண்டு வருகிறது. சுற்றியுள்ள காற்றாலை அத்தனையும் சுழல்கின்றன. எங்கள் லைன் வழியாகக் கரண்ட் வெளியே போகிறது. மத்தியானம் அரிசி ஆலை ஃபீடரில், அதாவது ஆலைப் பக்கம் போகிற லைனில், மீட்டர் தலைகீழாக ஓடியது. ஆலைக்காரர் கூரை முழுக்க சோலார் போட்டிருக்கிறார், அவர் தின்றது போக மிச்சத்தை நமக்கே அனுப்புகிறார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மீட்டர் இப்படி ஓடியிருந்தால் பழுது என்று போன் போட்டு ஊரையே கூட்டியிருப்பேன். அப்போதெல்லாம் கரண்ட் ஒரு பக்கமிருந்து வரும், ஒரு பக்கம் போகும். இப்போது எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று வானத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. புதுசு என்றாலே முகத்தைச் சுளிக்கிற ஆள் இல்லை நான், அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 10, புதன்

மையத்திலிருந்து உதவிப் பொறியாளர் ஆஸ்டின் போன் செய்தார். சின்ன வயது, மரியாதையான பிள்ளை. நான் லைன்மேன்களுக்குத் தனியாகச் சொல் கொடுப்பது காதுக்கு வந்ததாம். ஒரே வேலைக்கு இரண்டு முறை இருந்தால் குழப்பம், நிறுத்திவிடுங்கள் மேடம் என்றார். சரி சார் என்றேன்.

மற்ற லைன்மேன்கள் அவர்களாகவே விட்டுவிட்டார்கள். தளவாய் மட்டும் கேட்கிறார். கேட்கிறவருக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது?

ஜூலை 13, சனி

ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை. கடைக்காரர் புதியவர், விவரம் சரிபார்க்க வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். கார்டை நீட்டிக் காட்டினேன். வாயால் சொல்லுங்க என்றார். பின்னால் நின்றவளிடம் சொல்லச் சொன்னேன், அவள் சொன்னாள். நாற்பத்தேழு வயது, பாலிடெக்னிக் படிப்பு, முப்பத்து மூவாயிரம் வோல்ட்டோடு மல்லுக்கட்டுகிற உத்தியோகம். அவுக பேரைச் சொல்ல வாய் வராது. கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை, அவுக போன பிறகும் பழகவில்லை. எனக்கே சிரிப்பாக இருக்கும்.

சர்க்கரை இரண்டு கிலோ. பருப்பு வரவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தாயிற்று. தேங்காய்ப்பால் பாயசம் வைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வைப்பது என்று இன்னும் கணக்கு வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி

தளவாய் மேலக்காடு ஃபீடரில் வேலை முடித்து ஓ.டி.பி. கொடுத்துவிட்டார். மையம் லைனைப் போட்டுவிட்டது. எனக்குச் சொல் வரவில்லை. அரை மணி கழித்து போன் செய்து, "மறந்துட்டேன்க்கா, முருங்கைக்கீரை" என்கிறார். வாயில் வந்தபடி ஏசிவிட்டேன். அவருக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவள் பத்தாவது. அதையும் சேர்த்து ஏசினேன். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. இருக்கட்டும்.

ஜூலை 22, திங்கள்

புதன்கிழமை சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் கட்டுப்பாட்டு மையத்தைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு லைனை நிறுத்தி, வேலை செய்து, திரும்பப் போட்டுக் காட்டவேண்டும். எங்கள் மேலக்காடு ஃபீடரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எங்கள் முற்றம்தான் பதினான்கிலும் சுத்தமாக இருக்கிறதாம். அது ஒன்றும் தானாகச் சுத்தமாக இல்லை.

ஜூலை 24, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை 9.10க்குத் தளவாய் மேலக்காடு ஃபீடருக்கு எல்.சி. வாங்கினார். மையத்திலிருந்தே லைனை நிறுத்தினார்கள். தளவாய் எனக்கு போன் செய்து சொல் கேட்டார். இன்றைக்குச் சொதி. அவர்கூடப் போனவர் செல்லப்பாண்டி, ஒப்பந்தத் தொழிலாளி.

11.26க்கு முற்றத்தில் சுவிட்ச் மோட்டார் உறுமியது. திரும்பி, சோதனைக்காக எங்கள் அறையிலும் வைத்திருக்கிற திரையைப் பார்த்தேன். பச்சை. எல்.சி. திரும்பிவிட்டது என்கிறது. மோட்டார் சுற்றி முடித்ததும் பிரேக்கர் இணையும், லைனில் பதினோராயிரம் வோல்ட். தளவாய் எனக்கு போன் செய்யவில்லை.

சாவியை லோக்கலுக்குத் திருப்பிவிட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கை போய்விட்டது. பிரேக்கர் இணையவில்லை.

உடனே ஆஸ்டின் போனில். பெரியவர்கள் எல்லாரும் திரை முன்னால் நிற்கிறார்கள், யார் லோக்கலில் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஓ.டி.பி. வந்துவிட்டது, லைனில் இருப்பவர்களிடம் பேசியாகிவிட்டது, வேலை முடிந்ததாகச் சொன்னார்கள் என்றார்.

"பேசினது தளவாயா சார்?"

"லைன்ல இருக்கிறவங்க மேடம்."

"தளவாய் வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் லைனைப் போட விடமாட்டேன்."

தளவாய் நம்பரைப் போட்டேன், வேறொரு அழைப்பில் இருப்பதாக வந்தது. திரும்பத் திரும்ப அதேதான். பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. அதற்குள் பெரிய அதிகாரி ஒருவர் போனுக்கு வந்துவிட்டார். அந்த ஃபீடரில் குடிநீர் பம்பு இருக்கிறது, ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் ஓடுகிறது, நீங்கள் எழுத்தில் வாங்கிய உத்தரவை மீறுகிறீர்கள், விளைவு தெரியுமா என்றார். தெரியும் சார் என்றேன். வெள்ளிக்கிழமை மாதிரியே தளவாய் மறந்து தொலைத்திருந்தால் என் கதி என்ன என்பதும் மனதில் ஓடியது. அப்படியே இருக்கட்டும், மறந்திருக்கட்டும், மறந்தே போயிருக்கட்டும் என்று நின்றேன்.

11.49க்கு லேண்ட்லைன் அடித்தது.

"அக்கா, சொதி. நான் இறங்கிட்டேன். செல்லப்பாண்டியும் கீழதான் நிக்கான். லேட்டாயிட்டு, ஏசாதிய."

நான் ஏசவில்லை. எங்கே இருந்தீர் என்று கேட்டேன். வேலை முடிந்து, பாதுகாப்புக்குப் போட்ட எர்த் கம்பிகளையெல்லாம் கழற்றிச் செல்லப்பாண்டியிடம் கொடுத்து, ரோட்டில் நிற்கிற வண்டியில் கட்டச் சொல்லியிருக்கிறார். செல்போன் வண்டிப் பையில். திரும்பி வரும்போது மூன்றாவது கம்பத்தில் ஒரு கட்டுக்கம்பி தொங்குவதைப் பார்த்து, ஒரு நிமிஷ வேலைதானே என்று ஏறிவிட்டார். ஒரு நிமிஷம் அரை மணி ஆகிவிட்டது. ரோட்டில் போன் அடித்திருக்கிறது. வேலை முடிந்ததா, ஓ.டி.பி. சொல்லுங்க என்று கேட்டிருக்கிறார்கள். செல்லப்பாண்டி சொல்லிவிட்டார். கேஸ் சிலிண்டர்காரன் கேட்டாலும் சொல்கிறோம், கூரியர்காரன் கேட்டாலும் சொல்கிறோம். கேட்டால் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான் தெரியும். மையம் மறுபடி கூப்பிட்டுத் துருவிக் கேட்ட பிறகுதான் போனைப் பையில் போட்டுவிட்டுத் தளவாயைத் தேடிப் போயிருக்கிறார். கம்பத்துக்குப் பின்னால் பனை மறைப்பு. காற்றில் கூப்பிட்டாலும் கேட்காது.

அந்த அரை மணியும் தளவாயின் இரண்டு கையும் கம்பியில்தான் இருந்தது.

சாவியை ரிமோட்டுக்குத் திருப்பிவிட்டு ஆஸ்டினுக்குச் சொன்னேன். 11.53க்கு லைனைப் போட்டார்கள்.

பன்னிரண்டு மணி ரீடிங் எடுக்க மறந்துவிட்டேன். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. பயமெல்லாம் ஒன்றும் இல்லை, வேலை மும்முரம்.

ஜூலை 25, வியாழன்

லீவு போட்டேன். துணி துவைத்தேன். துவைத்ததையே இன்னொரு தடவை துவைத்தேன்.

ஜூலை 26, வெள்ளி

மெமோ வந்துவிட்டது. உத்தரவை மீறிச் சாவியைத் திருப்பியது ஏன், மூன்று நாளில் விளக்கம் தரவும். நல்ல கனமான காகிதம்.

ஜூலை 28, ஞாயிறு

தளவாய் வீட்டுக்கு வந்தார், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும். ஒரு தார் வாழைப்பழம். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மூத்தவள் பத்தாம் வகுப்புக் கணக்கில் சந்தேகம் கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். சொதி வைத்தேன், எல்லாருமாகச் சாப்பிட்டோம். சோறு கணக்காக இருந்தது, ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

ஜூலை 29, திங்கள்

விளக்கம் கொடுத்தேன். இவ்வளவுதான் எழுதினேன்: 'எல்.சி. வாங்கியவர் எல்.சி.யைத் திருப்பவில்லை. ஆகவே லைனைப் போட விடவில்லை. சாவியைத் திருப்பியது நான்.'

மத்தியானம் ஆஸ்டின் நேரில் வந்தார். வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றார். "பட்டனைத் தட்டினது நான்தான் மேடம்" என்றார். புதன்கிழமையிலிருந்து தூங்கவில்லையாம். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. காபி கொடுத்து உட்கார வைத்தேன். இந்தச் சொல் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் அதைக் கேட்ட முதல் அதிகாரி அவர்தான், சொல்லிவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரவுக இதே மேலக்காட்டுல லைன்மேன். ரெண்டாயிரத்து நாலு, ஐப்பசி மாசம். எல்.சி. வாங்கினது அவுக. நம்பர் எழுதின சீட்டைப் பாத்து வாசிச்சு எல்.சி.யைத் திருப்பினது கூட இருந்த ஆளு. அவுக மேல இருந்தாவ. நம்பர் சரியாத்தான் இருந்துது சார்."

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு லைனைப் போட்ட ஆபரேட்டரும் தப்பு செய்யவில்லை, அவருக்குக் கொடுத்திருந்த விதி அவ்வளவுதான் என்று சொன்னேன். அந்த மனிதர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். வாரிசு வேலையில் நான் வந்து உட்கார்ந்தது அவர் எழுந்து போன நாற்காலியில். பூரணிக்கு அப்போது இரண்டு வயது. முதல் நாள் முதல் எல்.சி. கொடுக்கும்போது எண்ணை எழுதிவிட்டுப் பார்த்தால், இது போதாது என்று தோன்றியது. சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்தேன். 'தக்காளி ரசம்' என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் ஆரம்பம்.

இதைப் பூரணியிடம் கூட இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. எழுதிவிட்டேன், படித்தால் படிக்கட்டும்.

ஜூலை 31, புதன்

சோதனை தேறிவிட்டது. சப்ஸ்டேஷனுக்கு இனி ஆள் கிடையாது. மெமோவை ரத்து செய்துவிட்டார்கள்.

அதோடு ஒரு சுற்றறிக்கை. இனி ஓ.டி.பி. மட்டும் போதாது. எல்.சி. வாங்குகிற லைன்மேனிடம் மையத்து ஆபரேட்டர் வாயால் ஒரு சொல் சொல்லவேண்டும், அவர் குரலில் அது திரும்பி வந்தால்தான் லைன். பதினான்கு சப்ஸ்டேஷனுக்கும். கீழே என் பெயர் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. பரவாயில்லை, சொல் இருக்கிறது.

என்னைப் போட்டிருப்பது கட்டுப்பாட்டு மையத்தில். ஆஸ்டின் கேட்டு வாங்கினாராம். பதினான்கு சப்ஸ்டேஷனையும் ஒரே திரையில் பார்க்க எனக்கு வருமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஏன் வராது?

ஆகஸ்ட் 5, திங்கள்

மையத்தில் முதல் நாள். முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று ஓடியதில் இன்று சமைக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லி.

சுவர் அகலத்துக்குத் திரை. பதினான்கு ஊரும் கோடு கோடாக ஓடுகின்றன. எங்கள் சிவலாத்திகுளம் இடது மூலையில், உள்ளங்கை அளவு. காற்றாலைக் கரண்ட் எவ்வளவு, சோலார் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ரீடிங்கை யாரும் எழுதவேண்டாம், அதுவே எழுதிக்கொள்கிறது. நான் ஒரு நோட்டு வாங்கி வந்திருந்தேன், ஆஸ்டின் பார்த்துச் சிரித்தார்.

10.15க்கு முதல் எல்.சி. கிழக்கே ஏதோ ஊர், நான் போனதில்லை. லைன்மேனின் குரலும் புதிது. லைனை நிறுத்தினேன், எண் கொடுத்தேன். "சொல்லு ஒண்ணு உண்டாமே மேடம்?" என்றார்.

சமையல் இல்லை. இட்லி என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"ஐயம்பெருமாள்."

"ஆள் பேரா மேடம்?"

"ஆமா. ஆள் பேருதான். மறந்துராதிய."

பக்கத்து மேஜையில் ஆஸ்டின் நிமிர்ந்து பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

12.40க்கு போன் வந்தது. அதே குரல், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு.

"மேடம், ஐயம்பெருமாள். பத்திரமா கீழ இறங்கியாச்சு."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். லைனைப் போட்டுவிட்டு, நோட்டில் நேரத்தை எழுதி, பக்கத்தில் அந்தப் பெயரையும் என் கையால் எழுதினேன்.